கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு எப்போது பால்கே?

தாதாசாகேப் பால்கே விருது மோகன்லாலுக்கு அறிவிக்கப்பட்டபோது கேரளம் கொண்டாடியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ரஜினிகாந்த் பெயர் அறிவிக்கப்பட்டபோது தமிழகம் கொண்டாடியது. இருவரின் தகுதியிலும் கேள்விக்கு இடமில்லை. ஆனால், 1969ஆம் ஆண்டுக்காக தேவிகா ராணிக்கு வழங்கப்பட்டதிலிருந்து 2023ஆம் ஆண்டுக்கான மோகன்லால் விருது வரை, 55 ஆண்டுப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்தால் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. நடிகர்கள், இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், பாடகர்கள், இசையமைப்பாளர்கள், சில பாடலாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒளிப்பதிவை மட்டுமே வாழ்க்கையாகக் கொண்டவர் என்று பார்த்தால் வி.கே.மூர்த்தி ஒருவர்தான். படத்தொகுப்பாளராகவோ, ஒலிப்பதிவாளராகவோ, கலை இயக்குநராகவோ, ஒப்பனைக் கலைஞராகவோ, சண்டைப் பயிற்சியாளராகவோ மட்டும் வாழ்ந்த எவரும் இல்லை. ரிஷிகேஷ் முகர்ஜி படத்தொகுப்பிலிருந்து வந்தவர். நிதின் போஸ் கேமராவிலிருந்து வந்தவர். இருவரும் இந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது இயக்குநர்களாகப் பெயர் வாங்கிய பிறகுதான். திரைத்துறைக்கு நாடு வழங்கும் ஆக உயரிய வாழ்நாள் விருது, அத்துறையின் பாதிப் பேரைக் கண்டுகொள்ளவே இல்லை. இதைத் திருத்த வேண்டிய பொறுப்பு மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்துடையது.

விருது யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய கதையே இந்தக் குறையை எடுத்துச் சொல்லும். பால்கே புகைப்படக் கலைஞர், அச்சகக்காரர். 1912இல் லண்டன் போய் கேமராவும், பிலிமில் துளையிடும் கருவியும் வாங்கி வந்தவர். அந்தக் காலத்தில் பிலிம் சுருள் ஓரத்துளை இல்லாமல்தான் வரும். அதை இருட்டறையில் வைத்து, ஒளி படாமல் துளையிட வேண்டும். 1913இல் வெளியான ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்காக அந்த வேலையைச் செய்தவர் அவருடைய மனைவி சரஸ்வதிபாய். படக்குழுவுக்குச் சமைத்துப் போட்டவரும் அவரே. இந்தியாவின் முதல் முழுநீளப் படம் இப்படிப்பட்ட கைவேலையால் பிறந்தது. அந்தப் படத்தைத் தந்தவரின் பெயரால் வழங்கும் விருதில் கைவேலைக்காரர்களுக்கு இடமில்லை என்பது வேடிக்கைதான்.

விதிவிலக்காக அமைந்த மூர்த்தியை எடுத்துக்கொள்வோம். 1959இல் வந்த குருதத்தின் ‘காகஸ் கே பூல்’ இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அதில் இருண்ட ஸ்டுடியோவுக்குள் தூண்போலச் சாய்ந்து இறங்கும் ஒளிக்கற்றையை இன்றும் திரைப்படக் கல்லூரிகளில் காட்டுகிறார்கள். மூர்த்தி வெளியே ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி வெயிலைப் பிடித்தார். அதை உள்ளே இருந்த இன்னொரு கண்ணாடிக்கு அனுப்பி அரங்கில் இறக்கினார். அந்தக் காட்சியில் நாயகனும் நாயகியும் பேசிக்கொள்வதே இல்லை, பேசுவது வெளிச்சம்தான். படம் ஓடவில்லை, வெளிச்சம் நின்றுவிட்டது. மூர்த்திக்கு 2008ஆம் ஆண்டுக்கான பால்கே விருது கிடைத்தபோது அவருக்கு 86 வயது. அவருக்கு முன்னும் பின்னும் அந்தத் தரத்தில் ஒருவர்கூட இந்த நாட்டில் கேமரா பிடிக்கவில்லை என்று நம்புவது கடினம்.

ஆள் இல்லாத குறை அல்ல இது, தேர்வுக்குழுவின் குறை. ரஜினியைத் தேர்ந்தெடுத்த குழுவில் ஆஷா போஸ்லே, மோகன்லால், விஸ்வஜித் சாட்டர்ஜி, சங்கர் மகாதேவன், சுபாஷ் கய் ஆகிய ஐவர் இருந்தார்கள். பாட்டுக்காரர் இருவர், நடிகர் இருவர், இயக்குநர் ஒருவர். ஐந்து பேரும் மேதைகளாகவே இருக்கட்டும். எடிட்டிங் மேசையில் அரை நொடியை வெட்டலாமா கூடாதா என்று இரவெல்லாம் விழித்திருந்தவரின் பெயரை அந்த அறையில் யார் எடுத்திருப்பார்கள்? ஆஸ்கர் அகாடமியின் கௌரவ விருதை முடிவுசெய்யும் ஆளுநர் குழுவில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி எனப் பல பிரிவுகளின் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். அதன் பலன் தெரிகிறது. 2016இல் ஜாக்கி சானோடு சேர்த்து அந்த விருதைப் பெற்றவர்களில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வின் படத்தொகுப்பாளர் ஆன் வி. கோட்ஸும், நடிகர் தேர்வையே தொழிலாகக் கொண்ட லின் ஸ்டால்மாஸ்டரும் இருந்தார்கள். குதிரையிலிருந்து விழுவதைக் கலையாக்கிய சண்டைக் கலைஞர் யகிமா கனட் 1967இலேயே கௌரவிக்கப்பட்டார். ஹாலிவுட்டை எல்லாவற்றிலும் பின்பற்றும் நம்மவர்கள் இதில் மட்டும் ஏனோ பின்பற்றவில்லை.

தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் தேசிய விருது தருகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். அது ஒரு படத்துக்கான விருது. ‘நாயகன்’ படத்துக்காகக் கமல்ஹாசனுக்கும், ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமுக்கும், கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருது கிடைத்தது. நாம் பார்த்துப் பிரமித்த தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். அந்த மூவரில் நடிகருக்கு மட்டும் நாளை பால்கே வரலாம், மற்ற இருவருக்கும் அந்த ஆண்டின் பதக்கமே போதும் என்பது என்ன கணக்கு? நடிப்புக்கும்தான் ஆண்டுதோறும் விருது இருக்கிறது. அதைக் காட்டி நடிகர்களுக்கு வாழ்நாள் விருது வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னொரு வாதம் சற்று வலுவானது. நட்சத்திரத்துக்குக் கொடுத்தால் கோடிக்கணக்கானவர்கள் மகிழ்கிறார்கள். பெயர் தெரியாத ஒருவருக்குக் கொடுத்தால் விருதின் மதிப்பே மங்கிவிடும் என்கிறார்கள். இதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. ‘கலைஞர் நினைவு கலைத்துறை வித்தகர்’ என்ற, 10 லட்சம் ரூபாய் கொண்ட விருதை மாநில அரசு 2022இல் தொடங்கியபோது முதல் விருதை எந்த நட்சத்திரத்துக்கும் கொடுக்கவில்லை. ‘பாசமலர்’ உட்பட நூற்றுக்கணக்கான படங்களுக்கு வசனம் எழுதிய ஆரூர்தாஸுக்குக் கொடுத்தது. முதல்வர் அவருடைய வீட்டுக்கே சென்று வழங்கினார். விருதின் மதிப்பு குறையவில்லை. சிவாஜியின் வாயில் கேட்ட வசனங்களை எழுதியது யார் என்று ஒரு தலைமுறை தெரிந்துகொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஆரூர்தாஸ் மறைந்தார். ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் அந்த மரியாதை அவர் கைக்குப் போயிருக்காது. 80ஐத் தாண்டியவர்கள் விஷயத்தில் அரசுகளுக்கு இந்த அவசரம் எப்போதும் வேண்டும்.

நட்சத்திரங்களுக்கு மட்டுமே விருது தருவது அவர்களுக்கும் நல்லதல்ல. ரஜினிக்கான அறிவிப்பு 2021 ஏப்ரல் 1 அன்று வந்தது. தமிழகச் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. தேர்தலுக்காகவா என்று அன்றே கேள்வி எழுந்தது. அமைச்சர் மறுத்தார். மறுப்பு உண்மையாகவே இருக்கலாம்; அப்படியொரு கேள்வி எழுந்ததே அந்தக் கலைஞருக்கு இழுக்கு. ஓர் ஒலிப்பதிவாளருக்கு விருது கொடுத்தால் இந்தச் சந்தேகம் யாருக்கும் வராது. அவர் பின்னால் ஓட்டு இல்லை.

நடிகர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பிரிவுக்கும் இட ஒதுக்கீடு கேட்கவுமில்லை. ஒதுக்கீட்டில் வந்த விருது என்ற பேச்சு அதைப் பெறுபவரையே சிறுமைப்படுத்தும். தேர்வுக்குழு அமையும் விதம் மாறினால் போதும். அடுத்த பால்கே குழுவை அமைக்கும்போது அமைச்சகம் அதில் ஓர் ஒளிப்பதிவாளரையும், ஒரு படத்தொகுப்பாளரையும், ஓர் ஒலிக்கலைஞரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பரிந்துரைகளைத் தொழில்நுட்பக் கலைஞர்களின் சங்கங்களிடமிருந்தும் கேட்டுப் பெற வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஆணை போதும். தமிழ்நாடு அரசும் ஆரூர்தாஸோடு தொடங்கியதை அவரோடு நிறுத்திவிடாமல், அடுத்து ஒரு படத்தொகுப்பாளரையோ கலை இயக்குநரையோ தேடிப் போகட்டும்.