சதுப்புநிலத்துப் பொருள் எத்திணை?

பெயரானது பொருளின் இயல்பை விளக்குதலும் உண்டு, மறைத்தலும் உண்டு. அமெரிக்க நாட்டு வீரர் படக்கதைகளிலே உலவும் ‘ஸ்வாம்ப் திங்’ என்னும் பேருருவின் பெயர் பின்னதற்குச் சான்றாம். அப்பெயரைத் தமிழாக்கின் ‘சதுப்புநிலத்துப் பொருள்’ என்றாகும். பொருள் என்றமையான் அஃறிணை என்பது தானே போதரும். அது தகுமா என்று ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம். படக்கதை சிறுவர்க்குரியது, அதன்கண் இலக்கண ஆராய்ச்சிக்கு இடம் யாது என்று வினவும் அன்பர், முடிவுகாறும் பொறுத்தருள்வாராக.

இவ்வுருவைப் படைத்தவர் இருவர். கதை வகுத்தவர் லென் வீன். ஓவியம் தீட்டியவர் பெர்னி ரைட்ஸன். இருவரும் 2017-ஆம் ஆண்டில் மறைந்தனர். 1971 ஜூலைத் திங்களின் ‘ஹவுஸ் ஆஃப் ஸீக்ரெட்ஸ்’ 92-ஆம் இதழில் தனிக்கதையாய்த் தோன்றிய இவ்வுரு, 1972-இல் தனக்கெனத் தொடர் ஒன்று பெற்றது. அத்தொடரின்படி, ஆலெக் ஹாலண்ட் என்னும் அறிவியலறிஞன் லூயிஸியானா நாட்டுச் சதுப்புநிலத்தே மனைவியோடு தங்கி, பயிர்களைத் தழைக்கச் செய்யும் மருந்தொன்றை ஆராய்ந்து வந்தான். பகைவர் வைத்த குண்டு வெடித்தது. தீப்பற்றிய உடலோடு ஓடிச் சேற்றில் வீழ்ந்தான். பின்னர் அச்சேற்றினின்றும் பாசியும் வேரும் கொடியும் போர்த்ததோர் உருவம் எழுந்தது. அதன் நினைவோ ஹாலண்டின் நினைவு. இழந்த மனிதவடிவை மீளப் பெறல்வேண்டும் என்னும் ஏக்கமே அக்கதைகட்கு உயிராய் நின்றது.

சேற்றினின்று எழும் உரு படக்கதைக்குப் புதிதன்று. 1942 டிசம்பரில் ‘ஏர் ஃபைட்டர்ஸ்’ இதழில் வந்த ‘ஹீப்’, முதல் உலகப்போரில் போலந்துச் சதுப்பில் வீழ்ந்த ஜெர்மானிய விமானியின் மாற்றுருவாம். 1971 மே மாதத்தில் மார்வெல் பதிப்பகத்தார் ‘மேன் திங்’ என்பதனை வெளியிட்டனர். அது பிறர் உணர்ச்சியை அறியும், எண்ணமாட்டாது. அச்சமுற்றார் அதன் கைபட எரிவர். ஆதலின் அதன் திணையில் ஐயமில்லை. ஸ்வாம்ப் திங்கோ எண்ணும், வருந்தும், பிறர்க்கு இரங்கும். ஆண்டே சிக்கல் பிறக்கின்றது.

நிற்க. 1984-ஆம் ஆண்டு இத்தொடரை எழுதும் பணி ஆலன் மூர் என்னும் ஆங்கிலேயரிடம் வந்தது. அவர் அவ்வாண்டுப் பெப்ரவரி இதழில் எழுதி, ஸ்டீபன் பிஸ்ஸெட், ஜான் டோடில்பன் என்பார் வரைந்த ‘அனாடமி லெஸன்’ என்னும் கதை, அதுகாறும் வந்தவற்றைத் தலைகீழாக்கிற்று. சுடப்பட்டுக் கிடந்த அவ்வுருவை உட்ரூ என்பவன் அறுத்து ஆராய்கின்றான். உள்ளே நுரையீரல் போல்வது உண்டு, மூச்சு வாங்காது. மூளை போல்வது உண்டு, சிந்திக்கமாட்டாது. உண்மை இதுவே: ஹாலண்ட் அன்றே மாண்டான். மருந்து கலந்த சேற்றுச்செடிகள் அவன் நினைவை உறிஞ்சித் தம்மை ஹாலண்ட் என்றே மயங்கின. மனிதன் செடியாகவில்லை, செடியே தன்னை மனிதனென்று எண்ணிற்று. மீட்சி என்பது இனி இல்லை. மீளுதற்கு மனிதன் அங்கில்லை.

இவ்விடத்தே மனம் புழுங்குவார் பலர். ‘மீள்வேன் என்னும் நம்பிக்கையே கதையின் அச்சாணி, அதனைப் பிடுங்கின் எஞ்சுவது வெறுங்கட்டையன்றோ?’ என்பது அவர் வாதம். அதில் வலியுண்டு. வீனார் காட்டிய ஏக்கம் நெஞ்சை உருக்குவது. உண்மை தெரிந்த சினத்தில் அவ்வுரு, தன்னை அறுப்பித்த செல்வனாகிய முதியோனை மாய்த்ததும் போற்றத்தக்கதன்று. எனினும் யான் மூரின் பக்கமே நிற்பேன். என்னை? மனிதனாய்த் திரும்பக் கருதி மனிதர்க்கு உதவுவான் செயலில் தன்னலம் சிறிதேனும் கலந்திருக்கும். அந்நம்பிக்கை அற்ற பின்னும் உதவுமாயின் அதுவே கலப்பற்ற அறம்.

அவ்வறமே அவ்வாண்டு மே இதழில் நிகழ்கின்றது. உட்ரூ செடிகொடிகளை ஏவிப் பிராணவாயுவை அளவிறந்து பெருக்கி மக்களை ஒழிக்கத் துணிகின்றான். விண்ணிலிருந்து நோக்கும் ஆற்றல்சால் வீரரெல்லாம் செய்வதறியாது திகைக்கின்றனர். தான் செடியே என்று தெளிந்த அவ்வுருவே எதிர்த்து நிற்கின்றது. மக்களும் விலங்குகளும் மாண்டபின், செடிகட்கு வேண்டிய வாயுவை அளிப்பவர் யாவர் என்று கேட்டு அவனை வெல்கின்றது. வாளினும் வன்மையினும் வினா வென்றது.

இனித் திணைக்கு வருவோம். தொல்காப்பியனார் மக்களை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுத்தார். மரபியலிலோ, புல்லும் மரமும் ஓரறிவுடையன என்றும், மனமாகிய ஆறாவதறிவுடையார் மக்கள் என்றும் கூறி, அவ்வினத்துப் பிறவும் உள என்று இடம் வைத்துச் சென்றார். இவ்வுருவை அவ்விடத்தே வைத்தெண்ணுதல் இழுக்காகாது. பசுவைத் தாயென்று அழைத்தல் போல, அன்பு மிகுதியால் ‘அவன்’ என்பது திணைவழுவமைதி என்பாரும் உளராவர். யான் அங்ஙனம் கொள்ளேன். அமைதியாவது வழுவை ஒப்புக்கொண்டு பொறுத்தல். ஈண்டு வழுவே இன்று. பிறப்பால் ஓரறிவும் மனத்தால் ஆறறிவும் உடையான் ஒருவனை ‘அவன்’ என்றல் வழாநிலையேயாம்.

2011-இல் பதிப்பகத்தார் மெய்யான ஹாலண்டையே உயிர்ப்பித்தனர். ஸ்காட் ஸ்னைடர் அவ்வாண்டு எழுதத் தொடங்கிய தொடரில் அவனே அவ்வுருவை ஏற்றான். கதை சுவையுடையதே. ஆயினும், உள்ளே மனிதன் ஒருவன் இருந்தாலன்றி அன்பிற்குத் தகுதியில்லை என்னும் பழைய எண்ணம் அதனால் மீண்டும் தலையெடுத்தது என்பேன்.

அன்பர்காள்! இது படக்கதையோடு ஒழியும் வினாவன்று. கூலியாளையும் பித்தரையும் ‘அது’ என்று சுட்டும் நா நம்மிடையே இன்னும் உண்டு. உருவும் தொழிலும் நோக்கித் திணை வகுக்கும் அவ்வழக்கு ஒப்பத்தக்கதன்று. சேற்றினின்று எழுந்தவனை ‘அவன்’ என்றழைக்கக் கற்கும் நாம், வாயிற்கண் நிற்கும் ஏழையையும் அங்ஙனம் அழைக்கக் கற்போமாக.