கூரைக்குப் பணம் இருக்கிறது, கடனை அடைக்க மட்டும் இல்லையா?

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சேரியில் பிறந்தவன். அப்பா கொத்தனார். எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. கோயிலின் கோபுரத்தை உயர்த்திக் கட்டியபோது சாரத்தில் ஏறி நின்றவர்கள் அப்பாவும் எங்கள் தெரு ஆட்களும்தான். கூலியில் ஒரு பங்கைக் காணிக்கையாகவும் விட்டுக்கொடுத்தார்கள். பிரதிஷ்டை அன்று வாசலில் ஒரு பளிங்குக் கல் பதித்தார்கள். அதில் பதினொரு பெயர்கள் இருந்தன. எங்கள் தெருக்காரர் பெயர் ஒன்றுகூட இல்லை. அப்பா போய்க் கேட்டார். "ஆண்டவருக்குச் செய்ததை மனுசன் எழுதி வைக்கணுமாவே?" என்றார் கமிட்டிக்காரர். அந்தப் பதினொரு பேர் மட்டும் யாருக்குச் செய்தார்களாம்?

அந்தக் கேள்வியோடுதான் நான் அமெரிக்கா வந்தேன். இங்கே கிழக்குக் கரை நகரம் ஒன்றில் எபிஸ்கோபல் சபைக்குப் போகிறேன். நம் சி.எஸ்.ஐ.யைப் போல இதுவும் ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்த திருச்சபை என்பதால் ஆராதனை முறை பழகியதாகவே இருக்கிறது. சபையின் கட்டிடக் கமிட்டியிலும் என்னைப் போட்டிருக்கிறார்கள். கொத்தனார் மகன் இல்லையா!

பழைய கல் கட்டிடம். பலகைக்கல் ஓடுகள் நழுவுகின்றன. மழை பெய்தால் பாடகர் குழு உட்காரும் இடத்தில் வாளி வைக்கிறோம். கொதிகலன் எந்தக் குளிர்காலத்தில் நின்றுபோகும் என்று தெரியாது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் ஈயப் பட்டைகள் வளைந்துவிட்டன. வெஸ்ட்ரி என்கிற நிர்வாகக் குழு மாதந்தோறும் இதைத்தான் பேசுகிறது. முன்னோர் விட்டுப்போன முதலீட்டு நிதியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் எப்போதும் கேள்வி.

சென்ற கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணி எழுந்தார். "இந்த நிதியின் தொடக்கம் அடிமைகளின் உழைப்பு. அதில் ஒரு பங்கை ஏன் ஈடு செய்யக் கூடாது?" என்று கேட்டார். உடனே பதில் வந்தது: "நியாயமான கேள்விதான். முதலில் கூரை முடியட்டும்."

எனக்கு எங்கள் ஊர்க் கமிட்டிக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது. கூரை என்றைக்காவது முடியுமா, தோழர்களே? கூரை முடிந்தால் கொதிகலன் வரும். கொதிகலன் முடிந்தால் ஜன்னல் வரும். கட்டிடம் இருக்கும்வரை பராமரிப்பு இருக்கும். "முதலில் கூரை" என்பதற்கு "ஒருபோதும் இல்லை" என்றுதான் பொருள்.

பராமரிப்பு சாதியும் நிறமும் அறியாத வெறும் செங்கல் வேலை என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் சபையில் புதுத் தளம் போடவும் மாடம் கட்டவும் கறுப்பின மக்களும் பணம் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அவர்களை மேலே மாடத்துக்குப் போகச் சொன்னார்கள். முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸைப் பிடித்துத் தூக்கினார்கள். கறுப்பின மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். தங்கள் காசில் போட்ட தளத்தில் முழங்கால் போடக்கூட அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

அந்த ஜோன்ஸ்தான் பின்னாளில் எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவர். அவருடைய புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோபல் ஆலயம் 1794இல் திறக்கப்பட்டது. ஆனால் மறைமாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமையை அந்தச் சபைக்குப் பல பத்தாண்டுகள் மறுத்தார்கள். கட்டிக்கொள், ஜெபித்துக்கொள், ஆனால் ஓட்டு கேட்காதே! நம் ஊர் சேகரத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

நியூயார்க்கில் ஹென்றி தெருவில் செயின்ட் அகஸ்டின் எபிஸ்கோபல் ஆலயம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1827இல். அடுத்த ஆண்டு, 1828இல் எழுந்த கட்டிடம் இது. ஆனாலும் பின்புறம் ஆர்கனின் இரு பக்கமும் உயரத்தில், ஒடுக்கமான படிக்கட்டு ஏறிப் போகும் இரண்டு அடைசலான மாடங்களைக் கட்டினார்கள். கறுப்பின மக்கள் உட்கார, மற்றவர் கண்ணில் படாமல் உட்கார! சட்டம் போன பிறகும் தச்சன் கையில் பழைய வரைபடமே இருந்தது.

இன்று அது பெரும்பாலும் கறுப்பின மக்களின் சபை. அவர்கள் அந்த மாடங்களை இடிக்கவில்லை, வெள்ளையடித்து மறைக்கவும் இல்லை. பழுதுபார்த்து, மக்கள் வந்து பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு கையாக இரண்டு கைகள் வைத்துக் கட்டி, நடுவே சுவரும் வைத்தார்கள். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததும் சரி, காத்ததும் சரி. உயிரோடு இருக்கும் தீண்டாமைச் சுவரை இடிக்கத்தான் வேண்டும். செத்துப்போன அநீதியின் சாட்சியைக் காப்பாற்றத்தான் வேண்டும். எது எப்படி என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவர்களே. ஒதுக்கியவர்களின் கட்டிடக் கமிட்டிக்கு அந்த உரிமை கிடையாது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். 2006இல் எபிஸ்கோபல் திருச்சபையின் பொது மாநாடு, அடிமை முறையால் சபை அடைந்த ஆதாயத்தை ஆராயச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2008இல் ஜோன்ஸின் அதே சபையில் வைத்து மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக்குச் செலவு இல்லை. அதற்கு மேலும் சிலர் போனார்கள். வர்ஜீனியா இறையியல் கல்லூரி 2019இல் 17 லட்சம் டாலர் நிதி ஒதுக்கி, அங்கே உழைத்த அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குக் காசோலை கொடுக்கத் தொடங்கியது. பால்டிமோரின் மெமோரியல் எபிஸ்கோபல் சபை 2021இல் ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. அடிமை உடைமையாளர்களைப் போற்றிய நினைவுப் பலகைகளையும் சுவரிலிருந்து கழற்றியது. அதுவும் பழைய கட்டிடம்தான். அதற்கும் கூரை இருக்கிறது.

நடந்த அநீதியோடு ஒப்பிட்டால் இந்தத் தொகைகள் சில்லறை. ஆனால் பணம் இல்லை என்ற சாக்கு பொய் என்பதை நிரூபிக்க இது போதும்.

நம் ஊருக்கு வருவோம். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திரளாக வெளியேறினார்கள். இயேசுவை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள்? இருநூறு ஆண்டுகள் நெருங்குகின்றன. இன்றும் தனிக் கல்லறை கேட்கிறார்கள். சேகரத் தேர்தலில் சாதிக் கணக்குப் போட்டுச் சீட்டுப் பிரிக்கிறார்கள். கோபுரத்துக்கு வசூல் வந்தால் மட்டும் "நாமெல்லாம் ஒரே சரீரம்" என்று எங்கள் தெருவுக்கும் ரசீதுப் புத்தகம் வருகிறது.

இங்கே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் அமெரிக்கச் சபையின் நிறவெறியைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார்கள். நல்லது. ஊர்ப் பளிங்குக் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் "இங்கே வந்தும் சாதியா?" என்கிறார்கள். ஐயா, கல் உங்கள் தாத்தா பெயரில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தது நானா?

என் கோரிக்கைகள் எளிமையானவை. ஒவ்வொரு சபையின் கட்டிட வரவுசெலவிலும், கூரைக்கு ஒரு வரி இருப்பதுபோல, கடனை அடைக்கவும் ஒரு வரி இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் என்று கடைசியில் எழுதக் கூடாது, முதல் வரியாக எழுத வேண்டும். கட்டியவர்கள் பெயர் கல்லில் ஏற வேண்டும். கூட்டிப் பெருக்குகிறவருக்கும் சுண்ணாம்பு அடிக்கிறவருக்கும் கமிட்டியில் இடம் வேண்டும்.

சகேயு கதையை எல்லாப் போதகர்களும் பிரசங்கிக்கிறார்கள். அந்த மனிதர் முதலில் வீட்டைப் பழுதுபார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்மணியின் தீர்மானத்தை நான் வழிமொழியப் போகிறேன். தோற்றால் மறு மாதமும் கொண்டுவருவோம். அந்தக் கூரையைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. ஒழுகும் இடத்தில் வாளி வைப்பவன் நான்தான்.