பின்வளவு: குஞ்சுகளும் மூத்த கோழிகளும்



சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்றைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த மிச்சம் பகுதிச் சகோதரி ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். அவர்கள் வீட்டில் மூன்று முட்டைக்கோழிகள் நிற்கின்றனவாம். பிள்ளைகள் குஞ்சு வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களாம். "அண்ணா, குஞ்சை வாங்கி அந்தக் கோழிகளோடை விட்டால் அதுகள் பார்த்துக்கொள்ளாதோ?" என்று கேட்டார்.

"தங்கச்சி, தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அதைச் செய்து அழுத வீடு எங்கள் வீடு" என்று சொன்னேன். அந்தக் கதையையும், அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும் இந்த முறை எழுதுகிறேன்.

ஊரில் கோழி வளர்ப்பை யாரும் எங்களுக்குப் படிப்பித்ததில்லை. கிளிநொச்சியில் எங்கள் வளவில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கோழி நிற்கும். பேடு அடைகிடந்தால் அம்மா பழைய கடகத்தில் வைக்கோல் போட்டு முட்டை வைத்துவிடுவா. இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் சில நாட்கள் தாயையும் குஞ்சுகளையும் கரப்பால் மூடிவைப்பா. குறுணல் அரிசி போடுவா. பிறகு தாயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பிராந்து வட்டமிட்டால் ஒரு சத்தம் வைக்கும், குஞ்சுகள் செட்டைக்குள் ஓடிவிடும். வேறு கோழி கிட்ட வந்தால் சிலிர்த்துக்கொண்டு பாயும். அதனால் மற்றக் கோழிகள் குஞ்சைத் தொடுவதில்லை. நாங்கள் கண்டது அவ்வளவுதான். குஞ்சைக் காப்பாற்றியது தாய் என்பதை நான் யோசித்ததே இல்லை.

இங்கே எங்கள் வாடகை வீட்டின் பின்வளவில், வீட்டுக்காரரிடம் கேட்டு, 2021 கோடையில் நான்கு கோழிகள் வாங்கினோம். 2023 சித்திரையில் மகளுக்கு ஏழு வயது. அவளுடைய ஆசைக்காக ஒருநாள் குஞ்சுகள் ஆறு வாங்கினேன். பெட்டியில் விளக்குப் போட்டு நன்றாகத்தான் வளர்த்தோம். ஐந்து கிழமையில் இறகு முளைத்து, புறா அளவுக்கு வந்துவிட்டன. ஒரு சனிக்கிழமை காலை இரவுவேலை முடித்து வந்தேன். வெயில் நன்றாக எறித்தது. "இனி இதுகளுக்கும் வெளிக்காற்று வேணும்" என்று சொல்லி ஆறையும் பெரிய கோழிகளின் கூட்டுக்குள் விட்டுவிட்டு நித்திரைக்குப் போனேன்.

மகளின் அழுகைச் சத்தத்தில்தான் எழும்பினேன். ஒரு குஞ்சு மூலைக்குள் செத்துக் கிடந்தது. இன்னொன்றின் தலை தோலுரிந்து இரத்தம். மற்ற நான்கும் கூட்டுக்கு அடியில் ஒளித்திருந்தன. செத்தது மகள் "குட்டி" என்று பெயர் வைத்த குஞ்சு. அவள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. கோபத்தில் நான் பெரிய கோழிகளை விற்கப்போவதாகச் சொன்னேன். அன்று இரவு வட்ஸ்அப்பில் அம்மாவிடம் சொன்னபோது, "தம்பி, கோழியிலை என்ன பிழை? ஆரெண்டு தெரியாததைக் கொத்தாமல் விடுமோ? தாய் இல்லாத குஞ்சுக்கு நீதான் தாய். நீ நித்திரை கொண்டிட்டாய்" என்றா.

அம்மா சொன்னதுதான் சரி. கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் மேல்தடியில் இருப்பது என்று ஒரு ஒழுங்கு உண்டு. நோர்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து வந்து, 1920களின் தொடக்கத்தில் இதை ஆராய்ச்சியாக எழுதினார். மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தும். இடம் முடிவானால் சண்டை குறையும். புதிதாக ஒன்று வந்தால் அந்த ஒழுங்கு முழுவதும் குழம்பும். ஐந்து கிழமைக் குஞ்சுக்கு அந்தச் சண்டையில் நிற்கப் பலமும் இல்லை, ஓட இடமும் இல்லை.

சரி, இனி முறைக்கு வருவோம்.

வாங்குமுன்

வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடமோ கவுன்சிலிடமோ கேளுங்கள். 1950ஆம் ஆண்டு அலொட்மென்ற் சட்டம், வியாபாரமாக இல்லாமல் பேட்டுக்கோழி வைத்திருக்க இடம் கொடுக்கிறது. சேவல் அதில் சேராது. அயலவருக்குத் தொல்லையாக இருந்தால் பேட்டுக்கும் ஆபத்துத்தான். ஆகையால் பேடு என்று பிரித்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். சில கலப்பு இனங்களில் பொரித்த அன்றே நிறத்தை வைத்துச் சேவல், பேடு பிரிக்கலாம். நான் மலிவு என்று பிரிக்காததை வாங்கினேன். ஒன்று சேவலாகி விடியற்காலையில் கூவத் தொடங்கியது. பிறகு கென்ற் பக்கம் ஒரு பண்ணைக்காரருக்குச் சும்மா கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று முக்கியம். 2024 ஒக்ரோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் ஏ.பி.எச்.ஏ. என்னும் அரசாங்க விலங்கு நலப் பிரிவில் பதியவேண்டும். கோழி வந்து ஒரு மாதத்துக்குள் பதியவேண்டும். காசு இல்லை. நமது ஆட்களுக்கு "அரசாங்கத்துக்கு விபரம் கொடுப்பதா" என்று ஒரு பயம் இருக்கும். இது பறவைக்காய்ச்சல் வந்தால் அறிவிப்பதற்காக வைத்திருக்கும் பதிவு. பயப்படவேண்டாம், பதியுங்கள்.

முதல் ஆறு கிழமை

குஞ்சுக்குத் தாயின் சூடு வேண்டும். முதல் கிழமை குஞ்சு நிற்கும் இடத்தில் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு கிழமையும் 3 பாகை அளவில் குறைத்து, 21 பாகையளவில் நிறுத்தலாம். இறகு நன்றாக முளைத்த பின், ஆறு கிழமையளவில், சூடு தேவைப்படாது. ஆனாலும் குளிர்ந்த இரவுகளில் கவனம்.

வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். விளக்கை விட்டு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரந்து படுத்திருந்தால் சரி.

250 வாட் விளக்கு ஒருநாள் முழுவதும் எரிந்தால் 6 யூனிற் மின்சாரம் போகும். அதோடு விளக்கு விழுந்தால் மரச்சீவலில் தீப் பிடிக்கும். விளக்குத்தான் போடுவதென்றால் மின்வயரில் தொங்கவிடாமல் சங்கிலியால் இறுக்கிக் கட்டுங்கள். நான் இப்போது சொல்வது, கால் வைத்த சூட்டுத் தட்டை வாங்குங்கள் என்பதுதான். குஞ்சுகள் தாயின் செட்டைக்குள் போவது போல அதன் கீழே போய்ப் படுக்கும். மின்சாரச் செலவும் மிகக் குறைவு.

பெட்டிக்குக் கீழே வெறும் பத்திரிகைத் தாள் போடவேண்டாம். வழுக்கிக் கால் விரிந்துபோகும். மரச்சீவல் போடுங்கள். தண்ணீர்த் தட்டம் ஆழமில்லாததாக இருக்கவேண்டும். அதற்குள் சில கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு விழுந்து சாகாது. பின்பக்கத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்துவிடுங்கள். விட்டால் அடைத்துச் செத்துப்போகும்.

தீன் குஞ்சுக்கென்றே விற்கும் தூள்தீன். ஆறு, ஏழு கிழமைக்குப் பின் வளரும் கோழித் தீன். முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடக்கூடாது. அதில் முட்டை ஓட்டுக்காக அதிக கல்சியம் உண்டு. அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குஞ்சு கூனிக்கொண்டு நின்று, செட்டையைத் தொங்கவிட்டு, எச்சத்தில் இரத்தம் கண்டால் அது கொக்சிடியோசிஸ் என்னும் குடல்நோயாக இருக்கலாம். காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈரமான தரையில்தான் இந்த நோய் பரவும். ஆகவே சீவலை உலர்வாக வைத்திருங்கள். குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும்.

மூத்த கோழிகளோடு சேர்த்தல்

பன்னிரண்டு கிழமைக்கு முன் அவசரப்படாதீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரவேண்டும். அதுவரை செய்யவேண்டியது "பார்க்கலாம், தொடமுடியாது" என்ற முறை. முற்றத்துக்கு நடுவே கம்பிவலை அடித்து ஒரு பக்கம் இளசுகள், மறுபக்கம் மூத்தவை. குறைந்தது இரண்டு மூன்று கிழமை இப்படி விடுங்கள். வலையின் இரு பக்கமும் தீன் தட்டை வைத்தால் பக்கத்தில் நின்று தின்று பழகும்.

பிறகு சேர்க்கும் நாளுக்கு இவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று: தனியாக ஒன்றை விடவேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் கொத்து ஒன்றின் மேல் மட்டும் விழாது.

இரண்டு: தீன், தண்ணீர் இரண்டு மூன்று இடத்தில், தூரதூரமாக வையுங்கள். இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனையே போட்டு, முட்டையிடுபவைக்குச் சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம்.

மூன்று: ஒளிக்க இடம் வேண்டும். ஆனால் வழியில்லாத மூலை கூடாது. குட்டி செத்தது அப்படி ஒரு மூலையில்தான். இரண்டு பக்கமும் திறந்த பெட்டி, சாய்த்து வைத்த பலகை போன்றவை நல்லது.

நான்கு: கொத்தும் துரத்தலும் நடக்கும். ஒரு கொத்து, ஒரு ஓட்டம் என்றால் விட்டுவிடுங்கள். ஒன்றை அமுக்கிவைத்துத் தலையில் தொடர்ந்து கொத்தினாலோ இரத்தம் கண்டாலோ உடனே பிரியுங்கள். இரத்தத்தின் சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும்.

ஐந்து: வீட்டில் ஆள் நிற்கும் நாளில் செய்யுங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று கூட்டலாம். பகலில் ஓரளவு பழகிய பின், இருட்டியதும் இளசுகளைத் தூக்கி மூத்தவை படுக்கும் தடியில் வையுங்கள். விடிய நேரத்தோடு எழும்பிக் கதவைத் திறக்கவேண்டும்.

பெரிய கோழியாக வெளியில் இருந்து வாங்குபவர்களும் இரண்டு மூன்று கிழமை தனியே தூரத்தில் வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே சேர்க்கவேண்டும்.

உங்கள் பேடு அடைகிடந்தால் இவ்வளவு பாடு இல்லை. சில நாள் அடைகிடந்த பேட்டின் கீழ் ஒருநாள் குஞ்சுகளை இருட்டில் மெதுவாக வைத்தால் பல பேடுகள் தன் குஞ்சாக ஏற்றுக்கொள்ளும். விடிய நின்று பாருங்கள், கொத்தினால் எடுத்துவிடுங்கள்.

இந்த நாட்டுக்கே உரிய மூன்று விஷயம்

வீட்டுக் குசினியில் மிஞ்சிய சோறு, மரக்கறித் தோல் எதையும் கோழிக்குப் போடுவது இங்கே சட்டப்படி குற்றம். 2001இல் மாடுகளுக்குக் கால்வாய் நோய் பரவிய பிறகு வந்த இறுக்கம் இது. மச்சமும் பாலும் முட்டையும் அறவே புழங்காத குசினிக்கு மட்டும் விலக்கு உண்டு. தோட்டத்தில் பிடுங்கிய கோவா இலையைக் குசினிக்குள் கொண்டுபோகாமல் நேரே போடலாம். கொஞ்சம் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் சேர்க்கும் நாளில் கவனமும் அதில் போகும்.

இங்கே பிராந்துக்குப் பதில் நரி. இலண்டனில் பகலிலும் வரும். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே மறிக்கும், நரியை வெளியே மறிக்காது. தடித்த, பற்றவைத்த கம்பிவலை வாங்கி, கீழே ஓரடி தாழ்த்துப் புதையுங்கள்.

பறவைக்காய்ச்சல் காலத்தில் கோழிகளை வெளியே விடக்கூடாது என்று கட்டளை வரும். 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுவதும் அப்படித்தான் இருந்தது. ஆகவே முற்றத்துக்குக் கூரை போட்டு வைப்பது புத்தி.

எங்கள் மிச்ச ஐந்தையும் நாங்கள் வலைக்கு மற்றப் பக்கத்தில் வைத்து, யூலைக் கடைசியில் மகளுக்குப் பாடசாலை விடுமுறை வந்ததும் சேர்த்தோம். அவள் கதிரை போட்டுக் காவல் இருந்தாள். தலை உரிந்த குஞ்சுதான் இப்போது எல்லாவற்றுக்கும் முந்தி வந்து தின்கிறது.

அந்த நாட்களில் அம்மாவோடு அடிக்கடி கோழிக் கதைதான். 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடும்போது அம்மா கடைசியாகச் செய்தது கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதுதான். அதோடு என் படிப்பும் நின்றது. பிறகு இந்த நாட்டில் முதல் வேலைக்குப் போன நாள், சாப்பாட்டு அறையில் ஒருவரும் எனக்கு இடம் விடவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு ஒருவர் கதிரையை இழுத்து விட்டார். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கதிரையை இழுத்து விடுகிறேன். புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் கோவிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ ஓரமாக நின்றால், பழைய ஆட்கள் நாங்கள்தான் முதலில் கதைக்கவேண்டும். கோழிக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அடுத்த இதழில், கோழிக்கூட்டில் வரும் செம்பேனை ஒழிக்கும் வழிகளை எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். மிச்சத்துத் தங்கச்சி, நீங்கள் சேர்க்கும் நாளில் நித்திரை கொள்ளாதீர்கள்.

வணக்கம்.