சட்டமும் நாமும்: தவணைத் துண்டு



சென்ற மாதம் ஒரு தாய் எழுதியிருந்தார். மூத்த மகள் சட்டக் கல்லூரியில் இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு, ஊருக்குக் கிட்டிய நீதிமன்றத்தில் பயிலுநராகச் சேரப்போகிறாளாம். "கோடு கச்சேரி ஏறக்கூடாது எண்டு சொல்லி வளர்ந்தனாங்கள். இனிப் பிள்ளை நெடுகவும் கோட்டுக்குப் போகப்போகுது. அங்க போய் என்ன செய்வாள்? எனக்குப் பயமாக் கிடக்கு" என்று கேட்டிருக்கிறார். நாலு வரியில் பதில் எழுதி முடிக்கலாம் என்று இருந்தேன். எழுதத் தொடங்கியபோது, இந்தப் பக்கத்தில் நான் இதுவரை சொல்லாத ஒரு சங்கதி குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதையே எழுதுகிறேன்.

இறுதிப் பரீட்சை முடிந்ததும் உடனே கறுப்புக் கோட் போட முடியாது. ஆறு மாத காலம் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் பழக வேண்டும். அந்தக் காலத்தில் நீதிமன்றத்தில் எழுந்து பேசும் உரிமை நமக்கு இல்லை. கோவைகளைச் சுமப்பது, குறிப்பெடுப்பது, சத்தியக்கடதாசி எழுதிப் பழகுவது, வழக்காளிகளோடு கதைப்பது, இவைதான் வேலை. புதுக்கடையில், 1874இல் தொடங்கிய பழம்பெரும் கல்லூரியில் படித்துவிட்டு வந்தோம் என்ற எண்ணம் முதல் நாளே கரைந்துபோகும்.

நான் பழகியது 2011இல், வன்னிப் பக்கத்து நீதவான் நீதிமன்றம் ஒன்றில். முதல் நாள் எங்கே இருப்பது என்றே தெரியாமல் சட்டத்தரணிகளின் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்துவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். பின்னால் நின்ற கிளாக்கர் ஐயாதான் மெல்ல வந்து, "பிள்ளை, அது பெரியாக்களின்ர இடம்" என்று சொல்லி எழுப்பிக்கொண்டு போனார். அவர் எனது சிரேஷ்டரிடம் முப்பது வருடம் வேலை செய்தவர். சட்டப் புத்தகம் ஒன்றும் படித்ததில்லை. ஆனாலும் நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் அவரே. முதல் வாரம் அவர் சொன்ன ஒரு விடயம்: "தவணையைக் காதால கேட்டு எழுதாதை. எழுதினாலும், வெளிக்கிட முதல் பதிவகத்துக்குப் போய் வழக்கேட்டைப் பார்த்து ஒத்துப் பார்."

எனது சிரேஷ்டர் சட்ட உதவி ஆணைக்குழுவின் வழக்குகளையும் பார்த்தார். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட ஆணைக்குழு அது. வசதியில்லாதவர்களுக்குச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்து கொடுப்பது அதன் பணி. அப்படி வந்தவர்தான் நான் சொல்லப்போகும் அக்கா. மீள்குடியேறிய கிராமம், இரண்டு பெண் பிள்ளைகள். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு கணவர் மேசன் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். கலியாணப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் 2009இல் இடம்பெயர்ந்தபோது போனவை போனவைதான். பிரதேச செயலகத்துக்கு நடந்து நடந்து பிரதிகள் எடுத்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், பலர் கேட்பதால். போர்க்காலத்தில் அவசர அவசரமாகத் தாலி கட்டிய கலியாணங்கள் பல பதியப்படவில்லை. பதிவு இல்லை என்பதற்காகப் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்க முடியாது என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், பெற்றோர் திருமணம் செய்யாத பிள்ளைக்கும் தாபரிப்புக் கேட்க இடம் தருகிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இடைக்காலமாக ஒரு தொகை கட்டும்படி நீதவான் கட்டளையிடவும் முடியும். அந்த அக்கா எதிர்பார்த்திருந்ததும் இந்த இடைக்காலக் கட்டளையைத்தான். கடைக் கொப்பியில் கடன் ஏறியிருந்தது. மூத்தவளுக்குப் பாடசாலைச் சப்பாத்து இல்லை.

வழக்குத் தாக்கல் செய்த அன்று கணவருக்கு அழைப்பாணை அனுப்பும்படி சொல்லி நீதவான் தவணை கொடுத்தார். சிரேஷ்டர் அடுத்த வழக்குக்கு எழும்பிவிட்டார். சனம் நிறைந்த மண்டபம், தலைக்கு மேலே மின்விசிறியின் இரைச்சல், பின்வாங்கில் அழுகிற குழந்தை. எனது காதில் விழுந்தது "இருபத்திரண்டு". சிரேஷ்டரின் நாட்குறிப்பில் 22 என்று எழுதினேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்ற அக்காவுக்கும் ஒரு துண்டில் அழகாக எழுதிக் கொடுத்தேன். பதிவகத்துக்குப் போகவில்லை. அன்று பஸ் போய்விடும் என்ற அவசரம், கொஞ்சம் பெருமையும்தான். நான் எழுதிக் கொடுத்ததை ஒருவர் பக்குவமாக மடித்து மணிப்பேர்சுக்குள் வைக்கிறாரே என்ற பெருமை.

தவணை பன்னிரண்டாம் திகதி.

பன்னிரண்டாம் திகதி அந்த மனுசன் அழைப்பாணையோடு வந்து நின்றிருக்கிறார். மனுதாரரின் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. எங்கள் நாட்குறிப்பிலும் அன்று அந்த வழக்கு இல்லாததால் சிரேஷ்டரும் எழும்பவில்லை. வழக்குக் கிடப்பில் இடப்பட்டது. நானோ அன்று வேறு மண்டபத்தில் ஒரு காணி வழக்கைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் திகதி விடிய ஐந்து மணி பஸ்ஸில் அக்கா வந்தார். கச்சான் பிடுங்குகிற காலம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். வழக்கு நிரலில் அவருடைய பெயர் இல்லை. கிளாக்கர் ஐயா பதிவகத்துக்குப் போய்விட்டு வந்து எனது முகத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நான் அக்காவிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அக்கா, நீங்கள் பன்னிரண்டாம் திகதி வந்திருக்கவேணும்" என்றேன். பாருங்கள், எனது வாயிலிருந்து முதலில் வந்தது அவருடைய பிழை போல ஒரு வசனம்!

அவர் ஏசவில்லை. மணிப்பேர்சைத் திறந்து துண்டை எடுத்து விரித்தார். "மிஸ், நீங்கள் எழுதித் தந்தது கிடக்கு" என்றார். பிழை தன்னுடையதாக இருக்குமோ என்று பயந்த குரலில்தான் அதையும் சொன்னார். இரண்டு இரண்டுகள், எனது கையெழுத்தில்.

சிரேஷ்டரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீர் இதை இப்ப அவவுக்குச் சொல்லும். 'நான் பிழையாக எழுதினேன்' எண்டு சொல்லும். பிறகு நகர்த்தல் பத்திரத்தை எழுதும். அதில காரணம் என்னவோ அதையே எழுதும்" என்றார். முதல் வேலைதான் கடினமாக இருந்தது. நான் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப என்னில பிழை இல்லைத்தானே" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதை ஐயாவுக்கும் சொல்லுவினமோ?" ஐயா என்றது நீதவானை.

சொன்னோம். பயிலுநர் தவணையைத் தவறாகக் குறித்ததால் மனுதாரர் வர முடியவில்லை என்று திறந்த மன்றில் சொல்லப்பட்டது. நீதவான் ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு வழக்கை மீண்டும் அழைக்கக் கட்டளையிட்டார். அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் அந்த மனுசன் அதற்கிடையில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிய அழைப்பாணை இரண்டு முறை ஆளைக் காணாமல் திரும்பி வந்தது. இடைக்காலக் கட்டளை கிடைத்தபோது இரண்டரை மாதம் போய்விட்டிருந்தது. அந்தத் தவணை முழுக்க மூத்தவள் செருப்போடுதான் பாடசாலைக்குப் போனாள். ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுக்க நினைத்தேன். சிரேஷ்டர் வேண்டாம் என்றார். அது உமக்கு ஆறுதல், அவவுக்கு அவமானம் என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்றே படுகிறது.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: மகள் பயப்பட வேண்டியது நீதவானுக்கோ பொலிசுக்கோ அல்ல. ஒரு சிறு கொப்பியும் இரண்டு பேனையும் கொடுத்துவிடுங்கள். கிளாக்கர்மாரோடும் பதிவகத்தில் இருப்பவர்களோடும் மரியாதையாகப் பழகச் சொல்லுங்கள். மரத்தடியில் நிற்கிற பெண்களிடம் அடையாள அட்டையில் என்ன பெயர் என்று கேட்டுவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறாக இருக்கும். மன்றில் முதலெழுத்தோடு வேறு பெயர் கூப்பிடும்போது அது தன்னைத்தான் என்று தெரியாமல் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வழக்குள்ள சகோதரிகளும் தங்கள் வழக்கு இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள். இலக்கம் இருந்தால் பதிவகத்தில் வழக்கேட்டை எடுத்துத் தவணையைச் சொல்வார்கள். தடுப்பிலுள்ள கணவருக்காகவோ மகனுக்காகவோ அநுராதபுரம், கொழும்பு என்று அலைகிறவர்களுக்கும் ஒரு சொல்: வழக்காளிக்கு மன்றின் மொழி விளங்காவிட்டால், அரச செலவில் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. அவருக்காகப் பேசுகிற சட்டத்தரணியிடம் அதைக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள்.

அந்த அக்காவின் வழக்கு பிறகும் மூன்று தவணை போனது. இடைக்காலக் கட்டளை கிடைத்த அன்றும் நான் அடுத்த தவணையைத் துண்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். இந்த முறை பதிவகத்தில் பார்த்துத்தான் எழுதினேன். மரத்தடியில் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், அக்கா பதிவகத்து யன்னலடியில் நிற்கிறார். உள்ளே இருந்தவரிடம் வழக்கு இலக்கத்தைச் சொல்லி, திகதியை இரண்டு முறை வாசிப்பித்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார். எனது கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறியள், தங்கச்சி" என்று சொல்லி, மடித்து மணிப்பேர்சுக்குள் வைத்தார்.