ஆமைக்கு அபயம், மனிதனுக்கு?

இந்து மகா சமுத்திரத்தின் மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்கு வடமேற்கே, அல்டாப்ரா என்றொரு பவழத் தீவு இருக்கிறது. நடுவே ஆழமற்ற உப்பங்கழி. அதைச் சூழ்ந்து மோதிரம்போல் நிலம். நிலப்பரப்பு சுமார் 60 சதுர மைல். நல்ல தண்ணீர் அரிது. கால் வைத்தால் கிழிக்கும் பாறை. மனிதன் விரும்பிக் குடியேறும் இடமன்று. ஆயினும் அங்கே சுமார் ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய கூட்டம் கிடையாது. இத்தீவின் சரித்திரத்தை நம் வாசகர்கள் அறிவது அவசியமென்று கருதுகிறோம். ஏனெனில் அது ஏகாதிபத்தியத்தின் சரித்திரமுமாகும்.

ஐரோப்பியர் கீழ்த்திசைக்குக் கப்பல் விட்ட காலத்தில் மொரீஷியஸ், ரியூனியன், ராட்ரிக்ஸ் ஆகிய தீவுகளிலும் ராட்சத ஆமைகள் கணக்கின்றி இருந்தன. மாதக்கணக்கில் தீனியும் தண்ணீருமின்றி உயிர் தரிக்கும் பிராணி அது. மாலுமிகளுக்கு இதைவிட வசதியான மாமிசம் ஏது? ஆயிரக்கணக்கில் பிடித்துக் கப்பலில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அத்தீவுகளுக்கே உரிய ஆமையினங்கள் யாவும் பூண்டற்றுப் போயின. அல்டாப்ராவை அதன் வறட்சியும் தூரமுமே ஓரளவு காத்தன. அங்கும் வேட்டை நடந்தது. மரம் வெட்டுவதற்காகத் தீவைக் குத்தகைக்கு விடப்போவதாகச் செய்தி பரவியபோது, 1874-ம் வருஷம் டார்வின், ஹூக்கர், ஓவன் முதலிய விஞ்ஞானிகள் மொரீஷியஸ் கவர்னருக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். எஞ்சியிருக்கும் ஆமைகளையேனும் காக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை.

தொண்ணூறு வருஷங்களுக்குப் பின் வேறு ரூபத்தில் ஆபத்து வந்தது. 1965 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார், மொரீஷியஸிலிருந்து சாகோஸ் தீவுக் கூட்டத்தையும், ஸெய்ஷெல்ஸிலிருந்து அல்டாப்ரா உள்ளிட்ட மூன்று தீவுப் பகுதிகளையும் துண்டித்து, 'பிரிட்டிஷ் இந்து சமுத்திரப் பிரதேசம்' என்ற பெயரில் ஒரு புதுக் காலனியைச் சிருஷ்டித்தது. சுதந்திரம் கேட்பவனிடம் வீட்டை ஒப்படைக்குமுன் கதவுகளைக் கழற்றிக்கொள்வது போன்ற காரியம் இது. நோக்கம், யுத்த தளம் அமைப்பது. அல்டாப்ராவில் விமான ஓடுபாதை போடவும், கழியின் வாயை அணையிட்டு மறிக்கவும் திட்டம் வகுத்தார்கள்.

விஞ்ஞான உலகம் கொதித்தெழுந்தது. ராயல் ஸொஸைட்டியார் ஆட்சேபித்தனர். அமெரிக்க விஞ்ஞானிகளும் கூடச் சேர்ந்தனர். டேவிட் ஸ்டாடர்ட் என்ற பூகோள சாஸ்திரி இக்கிளர்ச்சியில் முன்னின்றார். பார்லிமெண்டில் டாம் டீயெல் என்ற அங்கத்தினர் கேள்விமேல் கேள்வி கேட்டு மந்திரிகளைத் திணறடித்தார். 1967 நவம்பரில் பவுன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. சிக்கனத்தை முன்னிட்டு அல்டாப்ராத் திட்டம் கைவிடப்பட்டது. ஆமை தப்பியது.

அதே காலனியில் மனிதன் தப்பவில்லை. சாகோஸில் உள்ள டீகோ கார்ஸியாவை அமெரிக்கத் தளத்துக்கென ஒதுக்கினார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்புகளில் உழைத்த ஜனங்கள் இருந்தனர். ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளின் சந்ததியார் அவர்கள். தென்னிந்தியாவிலிருந்து போன தொழிலாளிகளின் ரத்தமும் அவர்களிடம் கலந்திருக்கிறது. கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வ குடிகள் அங்கே இருக்கமாட்டார்கள் என்று 1966-ல் லண்டன் அதிகாரிகள் தங்களுக்குள் பரிகாசமாக எழுதிக்கொண்டனர். 1973-க்குள், 1,500 முதல் 2,000 வரையிலான அந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்களைக் கூட்டி அடைத்துப் புகையிட்டுக் கொன்றார்கள். மொரீஷியஸ், ஸெய்ஷெல்ஸ் துறைமுகங்களில் இறக்கி விடப்பட்ட அந்த ஜனங்கள் வறுமையில் உழன்றனர்.

ஆமைக்காகக் குரல் கொடுத்த விஞ்ஞானிகளை நாம் குறை கூறவில்லை. அவர்கள் செய்தது நற்பணி. ஆனால் ஆமைக்கு வாதாட ராயல் ஸொஸைட்டி இருந்தது. தென்னந்தோப்புத் தொழிலாளிக்கு வாதாட லண்டனில் அன்று எந்தச் சங்கம் இருந்தது?

கதை அதோடு முடியவில்லை. 2010 ஏப்ரலில் சாகோஸைச் சூழ்ந்த கடல் முழுவதையும் ஜீவராசிகளின் சரணாலயமாகப் பிரிட்டிஷ் சர்க்கார் பிரகடனம் செய்தது. மீன் பிடிக்கத் தடை விதித்தது. யுத்த தளமுள்ள டீகோ கார்ஸியாவும் அதை ஒட்டிய கடலும் மாத்திரம் இத்தடைக்கு விலக்கு! இந்தச் சரணாலயம் ஏற்பட்டால் தீவு மக்கள் திரும்பிவரும் கோரிக்கை ஒழிந்துவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் 2009-ல் அமெரிக்கத் தூதராலயத்தாரிடம் கூறியதாக ஓர் இரகசியக் குறிப்பும் 2010 டிசம்பரில் வெளியாயிற்று. 2015-ல் சர்வதேச மத்தியஸ்த மன்றம் ஒன்று அப்பிரகடனம் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததே முறையன்று என்று அபிப்பிராயம் தெரிவித்தது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தீவுகள் மொரீஷியஸுக்கு என்பது அதன் ஷரத்து. ஆனால் டீகோ கார்ஸியாவில் தளம் 99 வருஷம் நீடிக்கும். அத்தீவில் பழைய குடிகள் மீண்டும் குடியேற இடமில்லை.

ஜீவகாருண்யத்தையே வேலியாக நட்டு, அதன் பின்னால் அநீதியை மறைப்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமோ?

இனி அல்டாப்ராவைப் பாருங்கள். 1976-ல் ஸெய்ஷெல்ஸ் சுதந்திரம் பெற்றபோது அத்தீவு அந்நாட்டிடம் திரும்பி வந்தது. 1979-ல் அந்த ஏழைச் சிறு தேசம் தனியாக ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தித் தீவைப் பராமரிக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்புவித்தது. 1982-ல் அல்டாப்ரா உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆமைகளின் மேய்ச்சலைக் கெடுத்த ஆடுகள் அறவே அகற்றப்பட்டன. 1968-ல் வேட்டை நின்றபின், முட்டையிட வரும் பச்சைக் கடலாமைகள் பன்மடங்கு பெருகியிருக்கின்றன. 2019-ல் ஸெய்ஷெல்ஸ் வாலிபர்களும் ஆக்ஸ்போர்டு மாணவர்களும் சேர்ந்து ஐந்து வாரம் உழைத்து, கடல் கொண்டுவந்து ஒதுக்கிய 25 டன் குப்பையை அகற்றினர். இன்னும் 500 டன்னுக்குமேல் கிடப்பதாக மதிப்பிட்டனர். அதில் பெரும்பகுதி அந்நியக் கப்பல்கள் கைவிட்ட வலைகளும் கயிறுகளுமே. குற்றம் ஒருவருடையது, சுமை வேறொருவருடையது.

பிறர் குற்றத்தைக் கூறுவதோடு நாம் நிற்கலாகாது. அல்டாப்ராவுக்கு 20 மைலுக்குள்ளாகவே அஸம்ப்ஷன் என்னும் தீவு இருக்கிறது. அங்கே கடற்படை வசதிகள் அமைக்க நமது இந்திய சர்க்காரே 2015-ல் ஏற்பாடு செய்து, 2018 ஜனவரியில் திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஸெய்ஷெல்ஸ் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தனர். தங்கள் சுதந்திரத்துக்கும் அல்டாப்ராவுக்கும் தீங்கு நேருமென்று அஞ்சினர். அந்நாட்டுச் சட்டசபையில் பெரும்பான்மை பெற்றிருந்த எதிர்க் கட்சி சம்மதிக்க மறுத்தது, திட்டம் நின்றது. இந்து மகா சமுத்திரத்தில் அந்நியத் தளம் கூடாதென்று பல்லாண்டு முழங்கியவர்கள் நாம். பிறர் கேட்டால் அக்கிரமம், நாம் கேட்டால் நட்பு என்று சொல்ல முடியுமா? சிறிய தேசத்தின் மறுப்பை மனப்பூர்வமாக மதிப்பதே பெரிய தேசத்துக்கு அழகு.

நம் முடிவு இதுதான். காட்டையும் கடலையும் ஜீவராசிகளையும் காப்பது மனித தர்மம். அந்தக் காவலை, அம்மண்ணுக்கு உரியவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அல்டாப்ரா அதற்கு அத்தாட்சி. சாகோஸ் மக்களையும் அவர்களுடைய தீவுகள் அனைத்துக்கும் திரும்ப விட்டு, அவற்றின் காவலர்களாக நியமிக்கட்டும். மனிதனை விரட்டிவிட்டுப் பறவைக்கு அபயம் அளிப்பதாகச் சொல்லுகிறவன் காப்பது பறவையையன்று, தன் பீரங்கியைத்தான்.