மழையில் மட்டும் நிற்கும் மோட்டார் வண்டி

கோடையில் எவ்விதக் குறையுமின்றி ஓடிய கார், மாரி பிறந்ததும் இருமத் தொடங்குகிறது. வீதியில் வெள்ளம் நிற்கும் நாளிலே இரண்டொரு முறை வெட்டி இழுத்துவிட்டு நடுவழியில் நின்றுவிடுகிறது. மறுநாள் வெயிலில் கராஜுக்குக் கொண்டு சென்றால், "இதற்கு ஒன்றுமில்லையே!" என்கின்றனர். இவ்வனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. எங்கள் குடும்பத்துக்கும் நேர்ந்தது. அதனை முதலிற் சொல்லிவிட்டால் காரணத்தை விளக்குவது எளிதாகும்.

1979ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நாங்கள் அப்பொழுது வேலணையில் வசித்தோம். ஐயாவிடம் பழைய மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. அக்கா தலைப்பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தார். மழைநாளில் வண்டி சண்டித்தனம் செய்வதைக் கண்டு, ஐயா அதனை மூன்று வாரத்துள் இருமுறை கராஜுக்குக் கொண்டு சென்றார். முதன்முறை நான்கு பிளக்குகளையும் மாற்றினார்கள். அடுத்த முறை புதிய பற்றரி பொருத்தினார்கள். இரண்டும் வெயில் எறித்த நாட்கள். ஆகவே இரண்டு நாளும் கார் அழகாக ஓடிற்று. "சரி வந்துவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் பின்னிரவில் அக்காவுக்கு வலி எடுத்தது. வெளியே சோனாவாரி மழை. அக்காவை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தின் நடுவே, இருபுறமும் கடல் இரைய, கார் நின்றது. ஐயா திரும்பத் திரும்ப முயன்றும் எஞ்சின் சுற்றியதேயன்றிப் பற்றவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் அக்காவின் கையைப் பிடித்தபடி இருந்தார். அரைமணி நேரத்தின் பின் மீன் லொறி ஒன்று வந்தது. பெட்டிகளை ஒதுக்கிப் படங்கை விரித்து அக்காவைக் கிடத்திக்கொண்டு போனோம். விடியுமுன் ஆண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் அந்த அரைமணி நேரத்தை ஐயா மறக்கவேயில்லை.

அடுத்த கிழமை, அயலூரில் இருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் மூடியைத் திறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டார். "மழையில் மட்டுமா, வெயிலிலுமா? மெல்லச் சோர்ந்து நிற்கிறதா, வெட்டிக்கொண்டு நிற்கிறதா? ஒரு சிலிண்டர் மட்டும் தப்புகிறதா, நான்கும் ஒன்றாய்ப் போகின்றனவா?" ஐயா விடை சொன்னார். "அப்படியானால் பொழுதுபட்டபின் வாருங்கள்" என்றார் அவர்.

இக்கேள்விகளின் பொருளை மாணவர்கள் நன்கு கவனித்தல் வேண்டும். பழைய கார்களிலே பற்றரி தருவது 12 வோல்ற் மின்சாரமே. கொயில் என்னும் சுருள் அதனை 15,000 அல்லது 20,000 வோல்ற்று வரை உயர்த்துகிறது. அம்மின்சாரம் தடித்த வயர் ஒன்றின் வழியே டிஸ்ரிபியூட்டருக்கு வந்து, அங்கே சுழலும் ரோட்டரால் நான்கு வயர்களுக்குப் பகிரப்பட்டு, பிளக்கின் நுனியில் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது, நான்கு சிலிண்டர்களுக்குமாகச் செக்கனுக்கு 100 பொறிகள் வேண்டும். சில தப்பினாலே வண்டி வெட்டி இழுக்கும். எல்லாம் தப்பினால் நின்றுவிடும்.

தோட்டத்துக்கு நீர் இறைப்பவரை எண்ணிப் பாருங்கள். ஒரு பாத்திக்கு மட்டும் நீர் வராவிட்டால் அப்பாத்தியின் கிளை வாய்க்காலில் உடைப்பு. எல்லாப் பாத்தியும் காய்ந்தால் தலை வாய்க்காலில் உடைப்பு. காரிலும் அவ்வாறே. ஒரு சிலிண்டர் மட்டும் தப்பினால் அதன் வயரையோ பிளக்கையோ பார்க்க வேண்டும். நான்கும் ஒன்றாய்ப் போனால், கொயில், நடு வயர், ரோட்டர், டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுப்பகுதி ஆகிய பொதுவழியிலேயே குறை இருத்தல் வேண்டும். எங்கள் வண்டியில் நான்கும் போயின. அவ்வாறிருக்க, நான்கு பிளக்குகளை மாற்றியதால் என்ன பயன்?

இனி, மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் எஞ்சினின்மேற் படியும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும், கடற்கரை ஊர்களிலே காற்றுடன் வரும் உப்பும் ஈரத்துடன் சேர்ந்தால் நல்ல கடத்தியாகிவிடும். உயர்ந்த மின்னழுத்தம் எப்பொழுதும் இலகுவான வழியையே நாடும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட வாயுவினூடே பாய்வதிலும், ஈரமான வெடிப்பின் வழியே எஞ்சினின் இரும்புக்கு ஓடிவிடுவது அதற்கு எளிது. மேட்டில் ஏறும்போதும் வேகத்தைக் கூட்டும்போதும் சிலிண்டரில் அழுத்தம் மிகுவதால், அப்பொழுதே குறை பெரிதாய்த் தெரியும். எஞ்சின் சூடேறி ஈரம் உலர்ந்ததும் குறை மறைந்துவிடும். வெயிலில் கொண்டு சென்ற வண்டியில் ஒன்றும் காணாததன் இரகசியம் இதுவே. நோய் ஒளித்திருக்கும் வேளையில் வைத்தியரிடம் போனால், வைத்தியர்தாம் என்ன செய்வார்?

ஆதலால் அம்முதியவர் நோயை வெளியே அழைத்தார். பொழுதுபட்டபின் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை ஓடவிட்டார். விளக்கை அணைத்தார். நுளம்பு மருந்து அடிக்கும் கைப்பம்பில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, முதலில் கொயிலின்மேல் மட்டும் மெல்லிய தூவலாக அடித்தார். எஞ்சின் அசையவில்லை. நடு வயரில் அடித்தார், மாற்றமில்லை. பின் டிஸ்ரிபியூட்டர் மூடியில் அடித்தார். உடனே அம்மூடியின் நடுவிலிருந்து ஓரத்துக் கவ்வி வரை ஒரு நீலப்பொறி புழுப்போல் நெளிந்து ஓடிற்று. எஞ்சின் இரண்டு முறை துள்ளி நின்றது.

மூடியைக் கழற்றி விளக்கொளியிற் காட்டினார். மயிர் அளவான வெடிப்பு ஒன்று. அதன் வழியே பென்சிலாற் கீறியது போன்ற கரிய கோடு. பொறி அடிக்கடி ஓடியதனால் மூடியின் பொருளே கருகிக் காபனாகியிருந்தது. காபன் ஒரு கடத்தி. ஆகவே அக்கோடு தோன்றியபின், துணியால் துடைத்து உலர்த்துவது வீடு சேர உதவுமேயன்றி நிலையான பரிகாரமாகாது. மூடியை மாற்றவே வேண்டும். புதிய மூடியின் விலை, வீணாக வாங்கிய பற்றரியின் விலையிற் சிறு பங்கே.

இக்குறை பழைய சிறு கார்களுக்கு மட்டும் உரியதன்று. பெயர்பெற்ற பொறியியலாளரும் இதிற் சறுக்கியதுண்டு. மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1959இல் மினி காரைப் படைத்தபோது எஞ்சினைக் குறுக்காக வைத்தார். அதனால் டிஸ்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பிச் சட்டத்தின் நேர் பின்னே வந்து மழைச்சாரலை வாங்கிக்கொண்டது. மினி வைத்திருந்தோர் பலர் இரப்பர்க் கையுறை ஒன்றின் விரல் நுனிகளை வெட்டி, வயர்களை அவற்றினூடே விட்டு, டிஸ்ரிபியூட்டருக்கு மழைச்சட்டை போட்டனர்!

வெட்டாமல் மெல்ல மெல்லச் சோர்ந்து நிற்கும் வண்டியானால், பெற்றோலைச் சந்தேகிக்கலாம். நீர் பெற்றோலிலும் கனமானது. தாங்கியின் அடியில் தங்கும். காபரேட்டர்க் கிண்ணத்திலுள்ளதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்தால், நீர் அடியில் முத்துமுத்தாய்த் தெரியும்.

இன்றைய கார்களில் டிஸ்ரிபியூட்டர் இல்லை. ஒவ்வொரு பிளக்கின்மேலும் தனிக் கொயில் உண்டு. எனினும் ஈரம் தன் தொழிலை விட்டுவிடவில்லை. பிளக் இருக்கும் குழியில் நீர் இறங்கினால் அதே குறை வரும். கணினி எந்தச் சிலிண்டர் தப்பியது என்று சொல்லும். ஏன் தப்பியது என்று சொல்லாது. அச்சிலிண்டரின் கொயிலை அடுத்ததுடன் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். குறையும் உடன் இடம்மாறினால் கொயிலே குற்றவாளி. மாறாவிட்டால் வேறிடம் தேடுங்கள். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தால் ஓட்டத்தைத் தொடராதீர்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கிப் பெட்டியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

சில எச்சரிக்கைகளையும் மனத்திற் கொள்க. எஞ்சின் ஓடும்போது வயர்களைக் கையால் தொடலாகாது. இதயத்துக்கு மின்கருவி பொருத்தியோர் அருகே நிற்றலும் கூடாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் காபனோரொட்சைட்டு உயிரைக் குடிக்கும். ஹைபிரிட் கார்களின் செம்மஞ்சள் நிற வயர்களைப் பயிற்சி பெற்றவரே அணுகலாம். வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டியை மீண்டும் மீண்டும் ஸ்ராட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குட் புகுந்த நீர் அமுங்காது. உள்ளிருக்கும் இணைப்புத் தண்டே வளைந்துவிடும்.

அன்றிரவு அம்முதியவர் ஐயாவிடம் கூறியது இன்னும் நினைவில் இருக்கிறது. "ஐயா, ஒரு நேரத்தில் ஓரிடத்தை மட்டும் நனைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினாலும் ஒன்றும் விளங்காது."

ஆய்வுகூடத்தில் மாணவருக்குக் கற்பிக்கப்படும் விதியும் இதுதான். அன்று மீன் லொறியில் போய்ப் பிறந்த மருமகன் இப்பொழுது சொந்தக் கார் வைத்திருக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் மாரிக்கு முன்னர், பொழுதுபட்டபின், கையில் தண்ணீர்த் தெளிப்பானுடன் அவன் முற்றத்தில் நிற்பதைக் காணலாம்.