இன்ஜின்... அவுட் ஆஃப் சிலபஸ்!

செமஸ்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சகல ஜீவராசிகளுக்கும் வணக்கம். இந்த வாரமும் ஒரு ரிசல்ட் மேட்டர்தான். ஆனா, பரீட்சை எழுதினது நம்மளை மாதிரி ஆள் இல்லை... ஒரு கார்!

எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர் இங்கிலாந்தில், கவென்ட்ரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறார். பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு, கூடவே ரூம்மேட்ஸ் ரெண்டு பேரோட பங்கு... எல்லாத்தையும் போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறதா பிளான். சின்னதா ஏதாவது வாங்கியிருக்கலாம். அண்ணன் கண்ணு போய் விழுந்தது பி.எம்.டபிள்யூ. 520டி மேல! 2008 மாடல், கறுப்பு கலர். (ஜாகுவாரோட ஊர்ல உட்கார்ந்துகிட்டு ஜெர்மன்காரன் கார் கேக்குது!) ராத்திரி மெசேஜ் வருது: 'தம்பி, எம்.ஓ.டி. ஹிஸ்டரி பார்த்துட்டேன். பாஸ்! இன்னும் 11 மாசம் வேலிடிட்டி இருக்கு. நாளைக்குக் காலையில போய்க் காசு கொடுக்கப்போறோம். நீயும் ஒரு தடவை பார்த்துடு.'

பார்த்தேன். பார்த்ததைத்தான் இங்கே கொட்டப்போறேன்.

எம்.ஓ.டி. என்றால் மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட். அந்தப் பெயரில் இப்போ அங்கே அமைச்சகமே கிடையாது, ஆனா டெஸ்ட்டுக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு. 1960-ல் ஆரம்பித்தபோது 10 வருஷம் ஓடின வண்டிகளுக்கு மட்டும்தான் இந்தப் பரீட்சை. 1967-லிருந்து கார் வாங்கி 3 வருஷம் ஆனதுமே வந்து நிக்கணும். அதற்கப்புறம் வருஷா வருஷம். பிரேக்கை உருளை மேல் ஏற்றிச் சோதிப்பாங்க. லைட், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர், சீட் பெல்ட், ஹாரன், வைப்பர், புகை, பாடியில் துரு... எல்லாம் உண்டு. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் ஃபெயில். காருக்கு அதிகபட்ச ஃபீஸ் 54.85 பவுண்டு.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ரிசல்ட் ரகசியம் இல்லை என்பதுதான். வண்டி நம்பரை அரசாங்க வெப்சைட்டில் தட்டினால் போதும். யார் வேண்டுமானாலும், காசில்லாமல் பார்க்கலாம். எந்த வருஷம் பாஸ், எந்த வருஷம் ஃபெயில், எதில் ஃபெயில், அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல்... மொத்த ஜாதகமும் வந்துடும். 'பாஸ்தான், ஆனா இதைக் கவனிச்சுக்கோ' என்று டெஸ்டர் எழுதிவைக்கிற அட்வைஸரி குறிப்புகளும் உண்டு. நம்ம மார்க் ஷீட்டை இப்படி ரோல் நம்பர் போட்டு ஊரே பார்க்க முடிந்தால்... நினைச்சாலே வயித்தைக் கலக்குதுல்ல?

சரி, கறுப்பு 520டி-யின் ஜாதகத்துக்கு வருவோம். முதல் டெஸ்ட் 2011-ல். மீட்டரில் 71,000 மைல். மூணே வருஷத்தில் 71,000 மைலா என்று மிரளாதீங்க. இந்த எக்ஸிகியூட்டிவ் கார்களை அங்கே பெரும்பாலும் கம்பெனிதான் வாங்கி மேனேஜர்களுக்குக் கொடுக்கும். 2002-லிருந்து கம்பெனி கார் வரியையே வண்டி விடற கார்பன் டை ஆக்ஸைடு அளவை வெச்சுப் போட ஆரம்பிச்சாங்க. அதனால மைலேஜ் கொடுக்கிற டீசல் காருக்கு ஏக கிராக்கி. 520டி அந்த வகையில் கில்லி. 2008-ல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை இந்தக் காரையும் டொயோட்டா பிரியஸையும் ஜெனீவா வரைக்கும் ஓட்டிப் பார்த்தபோது, ஹைபிரிட்டான பிரியஸைவிட இதுதான் கம்மியா எரிபொருள் குடிச்சுது. மூணு வருஷ லீஸ் முடிந்ததும் கம்பெனி காரைத் தள்ளிவிடும். அதாவது, முதல் எம்.ஓ.டி. எழுதற நேரத்தில்தான் கார் கை மாறும்!

அப்புறம் 2016 வரைக்கும் வருஷத்துக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் மைல். அதற்கப்புறம் திடீர்னு மூவாயிரம், நாலாயிரம்தான். மைல் எங்கேயும் பின்னால் போகலை. அப்போ மீட்டரைத் திருப்பலை, நல்ல விஷயம். ஆனா அட்வைஸரியைப் படிச்சா சுவாரஸ்யம். 'முன் சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ் தேய்ந்துள்ளது' என்று 2014-ல் ஒரு குறிப்பு. 2015-லும் அதே குறிப்பு. 2016-ல் அதிலேயே ஃபெயில்! 'டயர் கிட்டத்தட்ட தேய்ந்த நிலை' என்று ஒண்ணு விட்டு ஒரு வருஷம். 2019-ல் பின்பக்கம் ஸ்பிரிங் உடைஞ்சு ஃபெயில், மறுநாளே பாஸ்.

இதில் காரைவிட ஓனரைத்தான் எனக்குத் தெரியுது. ஃபெயில் ஆனால் மட்டும் செலவு பண்ற ஆள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் புஸ்தகத்தைத் திறக்கிற பார்ட்டி. (யாரைச் சொல்றேன்னு கேக்காதீங்க, கண்ணாடி பார்த்துக்கோங்க.) அவர் இன்ஜின் ஆயிலை மட்டும் கரெக்டா மாத்தியிருப்பார்னு நம்பச் சொல்றீங்களா?

ஆயிலுக்கு ஏன் வந்தேன்னா, மேட்டரே அங்கேதான் இருக்கு. எம்.ஓ.டி. பற்றி அந்த நாட்டு அரசாங்கமே வெளிப்படையா ஒண்ணு சொல்லுது: இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கு என்பது இந்த டெஸ்ட்டில் வராது. அவுட் ஆஃப் சிலபஸ் பாஸ்! டெஸ்டர் எதையும் கழற்றிப் பார்க்கவும் மாட்டார். அது தப்பும் இல்லை. ரோட்டில் போகிற மத்தவங்களுக்கு உன் வண்டியால ஆபத்து உண்டா என்பதுதான் டெஸ்ட்டோட கேள்வி. உன் பர்ஸுக்கு ஆபத்து உண்டா என்பது உன் பிரச்னை.

520டி-யில் அந்த ஆபத்துக்கு ஒரு பெயர் இருக்கு. என்47. 2007-ல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த 2 லிட்டர் டீசல் இன்ஜின். மெக்கானிக்கல் மக்களுக்குத் தெரியும், கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தணும். அந்த ரெண்டையும் கட்டிப்போடுறது டைமிங் செயின். மத்த பசங்களுக்கு: சைக்கிள் செயின் மாதிரி நினைச்சுக்கோங்க. செயின் தளர்ந்தா வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. அறுந்தா, மேலே வர்ற பிஸ்டன் திறந்து கிடக்கிற வால்வு மேல போய் முட்டும். கதை முடிஞ்சுது.

2007-லிருந்து 2011 வரைக்கும் வந்த என்47 இன்ஜின்களில் இந்தச் செயினும் அதைத் தாங்குற கைடும் சீக்கிரமே தேயுதுன்னு ஏகப்பட்ட புகார். எல்லா வண்டியிலும் இல்லை, ஆனா பயப்படற அளவுக்கு உண்டு. கொடுமை என்னன்னா, அந்தச் செயின் இன்ஜினின் முன்பக்கம் இல்லை, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. பானட்டைத் திறந்தோமா, மாத்தினோமான்னு ஆகாது. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆகணும். பார்ட்ஸ் விலையைவிடக் கூலி எகிறும். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓடின காரில், அந்த பில் காரோட விலையையே தொட்டுடும். ஆயிலை ரெண்டு வருஷம் வரைக்கும் மாத்தாமல் ஓட்டலாம்னு அந்தக் கார்கள் அனுமதிச்சதும் இதில் ஒரு காரணம்னு மெக்கானிக்குகள் திட்டுவாங்க.

செயின் தேய்ந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில், இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து 'கரகர'ன்னு உரசற சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு எம்.ஓ.டி-யில் மார்க் குறைக்கிறது இல்லை. 2018 மே மாசத்திலிருந்து இன்ஜின் வார்னிங் லைட் எரிஞ்சா ஃபெயில்னு சட்டம் வந்திருக்கு. உருப்படியான மாற்றம்தான். ஆனா அந்த லைட் எரியறதுக்குள்ளே காரியம் கைமீறிப் போயிருக்கலாம்.

இங்கேதான் எனக்கு ஒரு பல்பு எரிஞ்சுது. 'இந்த மாடலில் இத்தனை சதவிகிதம் எம்.ஓ.டி. பாஸ்' என்று பட்டியல் போட்டு, அதை வெச்சு நம்பகமான கார், நம்பகமில்லாத கார்னு பிரிக்கிறாங்க. யோசிச்சுப் பாருங்க. செயின் அறுந்து இன்ஜின் போன கார் பரீட்சை ஹாலுக்கே வராது. நேரா காயலான் கடைக்குப் போயிடும். ஃபெயில் கணக்கில் ஏறாது. ஆப்சென்ட்! அதுவே டயர் தேய்ந்து, ஒரு பல்பு ஃபியூஸ் ஆகி வர்ற கார், மத்தபடி சிங்கம் மாதிரி ஓடினாலும் ஃபெயில் லிஸ்ட்டில் சேர்ந்துடும். படிக்காத பசங்களுக்கு ஹால் டிக்கெட்டே கொடுக்காமல் 'எங்கள் காலேஜில் 98 சதவிகிதம் தேர்ச்சி'ன்னு பேனர் கட்டுற டெக்னிக்கை நாம பார்த்ததில்லையா என்ன?

அதனால எம்.ஓ.டி. ஹிஸ்டரியைக் குப்பையில் போடச் சொல்லலை. அது இல்லைன்னா அந்த ஓனரோட குணமே நமக்குத் தெரிஞ்சிருக்காது. அண்ணனுக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: 'பாஸை நம்பாதீங்கண்ணா. செயின் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. ஆயில் மாத்தின பில் வருஷா வருஷம் இருக்கான்னு கேளுங்க. முக்கியமா, நீங்க போறதுக்கு முன்னாடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க. அப்புறம், பர்மிங்ஹாம் சென்டருக்குள்ள இந்த வயசு டீசல் காரை ஓட்டினா ஒரு நாளைக்கு 8 பவுண்டு கட்டணும், அதையும் ரூம்மேட்ஸ்கிட்ட சொல்லிடுங்க.'

இந்த இடத்தில் நம்ம ஊரை நினைச்சால் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. இதே 5 சீரிஸ், 2007-ல் திறந்த பி.எம்.டபிள்யூ. ஃபேக்டரியில், செங்கல்பட்டு போற வழியில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அசெம்பிள் ஆன கார். அந்த வயசு வண்டிகள் இப்போ இங்கேயும் செகண்ட் ஹேண்டில் சல்லிசா வருது. ஆனா ஜாதகம்? டாக்ஸி, லாரிக்கெல்லாம் எஃப்.சி. உண்டு. முதல் 8 வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். சொந்த காருக்கோ 15 வருஷம் கழிச்சு ஆர்.சி-யைப் புதுப்பிக்கிற வரைக்கும் யாரும் குனிஞ்சுகூடப் பார்க்கிறது இல்லை. நடுவில் இருக்கிறது பொல்யூஷன் சர்டிஃபிகேட் மட்டும். அது புகைக்கு, பிரேக்குக்கு இல்லை. பிரிட்டனில் இன்ஜின் அவுட் ஆஃப் சிலபஸ்னா, இங்கே 15 வருஷத்துக்குப் பரீட்சையே கிடையாது! 'ஒரே ஓனர் சார், டாக்டர் யூஸ் பண்ணினது' என்கிற புரோக்கர் வாக்குதான் நமக்கு ரிப்போர்ட் கார்டு.

அட, அண்ணன் மேட்டர் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? மறுநாள் காலையில் ரூம்மேட்ஸோட போயிருக்கார். பனி விழுந்து பக்கத்து கார்களின் கண்ணாடியெல்லாம் வெள்ளையா இருந்திருக்கு. நம்ம கறுப்பு 520டி-யின் கண்ணாடி மட்டும் சுத்தமா துடைச்ச மாதிரி பளிச். அண்ணன் சும்மா சாயற மாதிரி பானட் மேல கையை வெச்சிருக்கார். வெதுவெதுன்னு சூடு! 'உங்களுக்காக அஞ்சு நிமிஷம் ஓடவிட்டேன், குளிருதுல்ல' என்றாராம் விக்கிற ஆசாமி. செயின் பில்? 'அதெல்லாம் மாத்தியாச்சு, பேப்பர்தான் எங்கேயோ இருக்கு.'

ரூம்மேட்ஸில் ஒருத்தன், 'பாஸ் ஆன வண்டிதானே மச்சான், எடுத்துடலாம்'னு இன்னும் புலம்பிக்கிட்டே இருக்கானாம். அண்ணன் பஸ் பாஸைப் புதுப்பிச்சுட்டார்.